போனில் பார்த்து நான் பாஸ் செய்த சரக்கு

செக்கிங் டேபிளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கம்பெனியில் கேட்டார்கள். தையல் விட்டுப் போவது, ஊசி ஓட்டை, ஆயில் கறை, அளவு கூடுவது குறைவது எல்லாவற்றுக்கும் சுவரிலேயே சார்ட் ஒட்டியிருக்கிறது. அதை நான் மறுபடி எழுதினால் நீங்கள் படிக்கப் போவதில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் படிக்க மாட்டேன். அதனால் ஓய்வு பெறும் வரை இங்கே பார்த்த முப்பத்தொரு வருஷ வேலையில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றைச் சொல்கிறேன். அது டேபிளில் நடந்ததல்ல, போனில் நடந்தது.

சிரிக்க வேண்டாம். டேபிளுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு நீங்கள் ஆஃபர் பார்ப்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் கம்பெனிக்கு வந்திருந்தபோது நானே பார்த்தேன். ஒரு கையில் பனியன், இன்னொரு கையில் மிக்சி படம். பனியனில் இருந்த ஓட்டை தப்பித்துப் போனது.

நான் குவாலிட்டி இன்சார்ஜாக இருந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. துணியை இரண்டு விரலில் தேய்த்து அதன் கனத்தைச் சொல்வேன். எடை போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட அதுவாகவே இருக்கும். போனில் துணி வாங்கும் பழக்கம் வந்த பிறகு, டீ டைமில் பெண்கள் என்னைச் சுற்றி நிற்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி, சுத்தமான பருத்தி என்று போட்டிருந்த லெக்கிங்ஸைக் காட்டினாள். மடிப்பில் விழுந்த பளபளப்பைப் பார்த்து, “பாலியஸ்டரு கண்ணு, காசைக் கரியாக்காத” என்றேன். அவள் கேட்காமல் வாங்கினாள். வந்தது பாலியஸ்டர்தான். அன்று முதல் எங்கள் யூனிட்டில் நான் ஓகே சொல்லாமல் யாரும் போனில் ஒரு நைட்டி கூட வாங்குவதில்லை என்றாகிவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

ரோஸ்லின் என்னிடம் ஒன்பது வருஷம் செக்கிங் பார்த்தவள். தெற்கே உடன்குடிப் பக்கம் ஊர். கணவனும் மனைவியுமாக இங்கே வந்து நல்லூர் பகுதியில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். மகள் ஊரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ரோஸ்லின் நேராகப் போவது போஸ்ட் ஆபீஸ் ஏஜெண்ட் அக்காவிடம். மீதியில்தான் அரிசி, பருப்பு எல்லாம். அவள் புதுச் சேலை கட்டி நான் பார்த்தது கிறிஸ்துமஸ் அன்று போட்டோவில் மட்டும்தான்.

அந்தச் சேமிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. ட்யூப்லைட் அடியில் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அவள் கண் மங்க ஆரம்பித்திருந்தது. குழந்தைத் துணி மொத்தமாக வாங்கி, ஊரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்க வேண்டும். அந்தப் பணத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை பிடிக்க வேண்டும். ஜூனில் மகள் பத்தாம் வகுப்பு போகும்போது அவளோடு இருக்க வேண்டும். இதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் போனை நீட்டினாள்.

“அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸாம். எண்ணூறு செட்டு மொத்தமா குடுக்காவளாம். வெல ரொம்பக் கம்மியா இருக்கு.”

ஆர்டருக்குப் போக மிஞ்சும் சரக்கு உள்ளூரில் குறைந்த விலைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. நான் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினேன். குழந்தைகள் இரவில் போடும் சட்டையும் பேன்ட்டும். நெஞ்சில் நிலாப் படம், அதன் மேல் தூங்கும் ஒரு முயல். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் வந்தது. அது நாங்கள் தைத்தது! நிலாவை அரை அங்குலம் கீழே இறக்கச் சொல்லி, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் கடிதம் எழுதியதும், நான் ஸ்கேலை வைத்துக்கொண்டு பிரிண்டிங் யூனிட்டில் நின்றதும் எனக்கு நினைவிருந்தது. படத்தில் நிலா சரியாக இறங்கிய இடத்தில் இருந்தது. கழுத்துப் பட்டி, தோள் தையல், பாக்கெட் முனை எல்லாம் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

“இதென்ன நம்ம நிலாப் படமல்ல? நம்முளுதேதான் கண்ணு. என்ற கையில பாஸ் ஆன சரக்கு இது. தைரியமா வாங்கு.”

“ஆளு எப்படின்னு தெரியலயே அக்கா.”

“அட்ரஸ் எங்க போட்டிருக்கான் பாரு. நல்லூரு. உங்க ஊட்டுல இருந்து நடந்து போற தூரம். இத்தன பக்கத்துல இருக்கறவன் எங்க ஓடிப் போறான்?”

அவள் முகம் தெளிந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே, சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கை அட்வான்ஸாகப் போனிலேயே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஷிப்மெண்ட் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. இந்த மாதக் கடைசியில் தெரிந்துகொள்வீர்கள். பெட்டிகள் மூடிக்கொண்டிருந்தன, கண்டெய்னர் வாசலில் நின்றது, மானேஜர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அந்த நேரத்தில் ரோஸ்லின் ஓடி வந்தாள். மூட்டைகளின் படம் அவள் போனில் இருந்தது. சாக்கின் மேல் மார்க்கரில் அவள் பெயரும் ஊரும் எழுதியிருந்தது.

“அக்கா, லாரி மூணு மணிக்குக் கெளம்புதாம். பாக்கிப் பணத்த இப்பமே போடணுமாம். இல்லன்னா கேரளாக்காரருக்குக் குடுத்துருவாவளாம். போட்டுரட்டுமா?”

கட்டைவிரல் போனின் மேலேயே இருந்தது.

படத்தில் அழகாக அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய இன்ஸ்பெக்டர் ஞாபகத்துக்கு வந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. பையருக்காகச் சரக்கைச் சோதிக்கச் சென்னை பையிங் ஆபீஸிலிருந்து வருவார், ஒல்லியான ஆள், பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் வேலைக்கு வந்து நாலாவது வருஷம். அவர் வருகிறார் என்று நல்ல நல்ல பெட்டிகளாகப் பார்த்து டேபிளுக்குப் பக்கத்தில் அடுக்கி, இளநீரும் வாங்கி வைத்திருந்தோம். அவர் இளநீரைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நேராகப் பின்னால் போய், அடுக்கில் அடி வரிசைப் பெட்டி ஒன்றைத் தொட்டு, இதை எடுங்கள் என்றார். அதை எடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுது. அந்தச் சரக்கு மொத்தமும், லாட்டே ஃபெயில். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தோம். கிளம்பும்போது அவர் என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னார்: “நீங்க எடுத்துக் கொடுக்கறது நல்லாத்தாம்மா இருக்கும். அதப் பார்க்கவா நான் சென்னையிலிருந்து வந்தேன்?”

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக, அடுத்தவர் எடுத்துக் கொடுத்த பீஸை வைத்து நான் எந்த லாட்டையும் பாஸ் செய்ததில்லை. போனில் மட்டும் செய்துவிட்டேன். விற்கிறவனே எடுத்துக் காட்டிய ஒரு படத்தைப் பார்த்து, ‘நம்முளுதேதான்’ என்று குதித்திருக்கிறேன்.

“குடு இங்க. பணம் போடாத” என்று போனை வாங்கினேன். மானேஜர் கத்துவது காதில் விழுந்தது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். நானே அந்த ஆளை வீடியோ காலில் கூப்பிட்டேன். முகம் தெரியவில்லை, மூட்டைகள் மட்டும் தெரிந்தன.

“ஏனுங், கீழிருந்து ரெண்டாவது மூட்டைய அவுத்துக் காட்டுங்க. பாத்துட்டுப் பணம் போட்டரலாமுங்.”

“மேடம், எல்லாம் தைச்சுக் கட்டியாச்சு. லாரி நிக்குது. நம்பிக்கை இருந்தா எடுங்க.”

“சரீங்க, அவுக்க வேண்டாம். எந்தெந்த சைஸுல எத்தன செட்டு இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.”

“எல்லா சைஸும் இருக்கு மேடம். எஸ், எம், எல், எக்ஸெல். எது வேணுமோ கலந்து தர்றோம்.”

நிலாப் படம் போட்டு நாங்கள் அனுப்பிய ஆர்டரில் சைஸ் முழுவதும் வயதுக் கணக்கு. இரண்டிலிருந்து மூன்று வயது, நான்கிலிருந்து ஐந்து வயது என்றுதான் லேபிள். அந்தச் சரக்கைக் கையால் தொட்டவன், ஒரே ஒரு பீஸைத் திருப்பிப் பார்த்தவன்கூட எஸ், எம் என்று சொல்ல மாட்டான். அவன் கையில் எங்கள் சட்டை ஒன்றுகூட இல்லை. பையரின் வெளிநாட்டு ஆன்லைன் கடைப் பக்கத்திலிருந்து படத்தை மட்டும் எடுத்திருக்கிறான்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றேன். கால் துண்டானது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. ஐந்து நிமிஷத்தில் ரோஸ்லினின் எண்ணையே அவன் தடுத்துவிட்டான்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் நாங்கள் நேரம் கடத்தவில்லை. அதை மட்டும் சரியாகச் செய்தோம். ஷிப்மெண்ட்டை இன்னொருத்தி கையில் விட்டுவிட்டு, ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பேங்குக்குச் சொன்னோம். சைபர் குற்றத்துக்கான உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். அவன் அனுப்பிய படம், பேசிய எண், பணம் போன ரசீது ஒன்றையும் அழிக்கவில்லை. பாக்கிப் பணம் தப்பியது. அட்வான்ஸ் முந்தின நாளே வேறு வேறு கணக்குக்குக் கைமாறிப் போயிருந்தது. அது இன்று வரை வரவில்லை.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்த ஆர்டரில் டையிங்கில் சாய நிறம் மாறிக் கொஞ்சம் துணியைக் கழித்துவிட்டதால், கேட்டதை விடக் கொஞ்சம் குறைவாகத்தான் அனுப்பியிருந்தோம். எண்ணூறு செட் அல்ல, எட்டு செட் மிஞ்சவும் வழியில்லை. பேக்கிங் லிஸ்ட்டில் இருந்தது என் கையெழுத்து. இது மற்ற யாரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நம்ம சட்டை என்ற பெருமையில் அதைக்கூட யோசிக்கவில்லை. இந்த மாதிரி ஏமாற நம்மைப் போன்ற ஆட்களால்தான் முடியும். துணியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் பயந்துகொண்டு இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த முகவரிக்குப் போனோம். ரோஸ்லின், அவள் வீட்டுக்காரர், நான் மூன்று பேரும். அவர், துணி பிறகு சுருங்காதபடி அழுத்தி எடுக்கும் ஒரு காம்பேக்டிங் யூனிட்டில் துணி ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். அவர்கள் அறையிலிருந்து பத்து நிமிஷ நடை. அந்த எண்ணில் இருந்தது ஒரு சின்னத் தையல் யூனிட். கேட்டில் ஒரு அட்டை தொங்கியது. ‘சர்ப்ளஸ் கடை இங்கு இல்லை. பணம் அனுப்பி ஏமாற வேண்டாம்’ என்று தமிழிலும் ஹிந்தியிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. வெயிலில் மை வெளுத்துப் போயிருந்தது. தொங்கவிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருக்க வேண்டும்.

யூனிட்காரர் வெளியே வந்தார். “நீங்களுமாங்க? எங்க அட்ரஸ எவனோ போட்டு வெச்சிருக்கானுங். போன வாரங்கூடப் பாலக்காட்டுக்காரரு ஒருத்தரு சாக்குப் பையோட வந்து நின்னாரு. நாங்களும் ஸ்டேசன்ல சொல்லித்தானுங் இருக்கறம்” என்றார். எங்களை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

ரோஸ்லின் வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. அந்த அட்டையின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் நான் ரோஸ்லினிடம், போன பணத்தில் பாதியை நான் தருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் உடனே தலையை ஆட்டினாள்.

“பணம் வேண்டாம்க்கா. நீங்க ஏமாத்தலயே.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, முன்னால் போய்க்கொண்டிருந்த கணவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னைக்கு அவிய சொன்னாவ, பக்கத்துலதான, ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருதேன்னு. சட்டகூட மாட்டிட்டாவ. நாந்தான், அக்காவே பாத்துட்டாவ, நீங்க போயி என்னத்தப் பாக்கப் போறியன்னு சொல்லி உக்கார வச்சிட்டேன்.”

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, ரோட்டில் வைத்து அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். என் தப்பு ஒரு படத்தைப் பார்த்து ஏமாந்தது மட்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். துணியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மனிதர் செய்ய இருந்த சரியான காரியத்தை, என் ஒரு வார்த்தை தடுத்திருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் உங்கள் கையும் பழகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர் எல்லாம் போனைக் கொண்டுவந்து, ‘நீதான் பனியன் கம்பெனியில் இருக்கிறாயே, இதைப் பார்த்துச் சொல்லு’ என்பார்கள். துணி எப்படி என்று தெரிந்தால் சொல்லுங்கள். அதோடு சேர்த்து, “விக்கறவனை எனக்குத் தெரியாது. நீங்களே போய்ப் பாருங்க, போக முடியலீன்னா வாங்காதீங்க” என்றும் சொல்லிவிடுங்கள். பாதி சொல்லி நிறுத்தினால் மீதியையும் நீங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, மூணு மணி லாரி என்று அவசரப்படுத்துகிறவனுக்கு அன்றைக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். நல்ல சரக்கு திங்கட்கிழமையும் இருக்கும். அது போய்விட்டால் வேறு சரக்கு வரும். இந்த ஊரில் பனியனுக்கா பஞ்சம்?

ரோஸ்லின் நினைத்தபடி ஜூனில் ஊருக்குப் போக முடியவில்லை. இருந்த பணத்துக்கு வாங்கிய சரக்கில் கடை பிடிக்கும் அளவுக்கு லாபம் கிடைக்கவில்லை. மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியபோது அம்மா இங்கே செக்கிங் டேபிளில்தான் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வருஷம்தான் போனாள். இப்போது கடை இருக்கிறது, மகள் கல்லூரிக்குப் போகிறாள். ஆனாலும் அந்த ஒரு வருஷத்தை யாரும் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. அது எனக்குத் தெரியும்.

ஏமாந்த இரண்டாவது வாரம், மீதிப் பணத்தோடு, பனியன் மொத்தக் கடைகள் இருக்கும் காதர்பேட்டைக்குச் சரக்கு எடுக்கக் கிளம்பினாள். கூட வரட்டுமா என்று கொஞ்சம் தயக்கத்தோடுதான் கேட்டேன். “வாங்கக்கா. ஆனா ஒண்ணும் பேசப்பிடாது, சும்மா நிக்கணும்” என்றாள். சரி என்று அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு கடை ஏறி இறங்கினாள். ஏழாவது கடையில் குழந்தை சட்டைக் கட்டுகள் இருந்தன. கடைக்காரர் மேலே இருந்த கட்டை எடுத்துப் பிரித்தார். அவள் அதைத் தொடவே இல்லை. அடியில் கிடந்த கட்டை இழுக்கச் சொல்லி, தானே கயிற்றை அவிழ்த்து, ஒரு சட்டையை வாசல் வெளிச்சத்தில் விரித்தாள். மங்கின கண்ணை இடுக்கிக்கொண்டு உள்பக்கம் திருப்பினாள், தையலை இழுத்தாள், லேபிளைப் படித்தாள். பில் கேட்டாள். அப்புறம் விலை பேச ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். கடைக்காரர் இரண்டு முறை போங்க போங்க என்று சொல்லி, இரண்டு முறையும் கூப்பிட்டார்.

விலை முடிந்து அவள் பணத்தை எடுத்தபோது, நான் அந்தக் கட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பார்த்தேன். பழக்கம் விடுமா? முதுகில் மேலிருந்து கீழாக மெல்லிய ஊசிக் கோடு ஒன்று ஓடியது. நிட்டிங்கில் ஊசி தேய்ந்தால் வரும் கோடு. அடுத்த சட்டையிலும் இருந்தது. பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“ரோஸ்லினு, ஊசிக் கோடு இருக்குது கண்ணு” என்று மெதுவாக அவள் காதில் சொன்னேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நோட்டுகளை எண்ணிக்கொண்டே, “பாத்துட்டேன்க்கா. அதுக்குத்தான் பீசுக்கு அஞ்சு ரூவா கொறச்சிருக்கேன்” என்றாள்.